கெபிசா எஜெட்டாவின் சோள ஆராய்ச்சி: சுடுமல்லியை எந்தப் படியில் நிறுத்துவது?

புன்செய் (இழையைத் தொடங்கியவர்)

கெபிசா எஜெட்டா 1950-இல் எத்தியோப்பியாவின் வொலன்கோமி என்ற சிற்றூரில், ஒற்றை அறைக் கூரை வீட்டில் பிறந்தவர். ஞாயிறு இரவு 20 கிலோமீட்டர் நடந்து பள்ளிக்குப் போய் வெள்ளிக்கிழமை வீடு திரும்பிய பிள்ளை. 2009-இல் உலக உணவுப் பரிசும், 2023-இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கமும் பெற்றார். இந்த வாழ்க்கைக் குறிப்பு எளிதாகக் கிடைக்கும். அவர் செய்த வேலை என்ன, அது ஏழைக் குடியானவரின் காட்டில் எப்படிப் பலித்தது, எங்கே இடறியது என்பதைப் பேசத்தான் இந்த இழை.

இரண்டு பெரிய வேலைகள். ஒன்று, சூடானில் வெளிவந்த ஹஜீன் துரா-1 என்ற வீரிய ஒட்டுச் சோளம். மற்றொன்று, ஸ்ட்ரைகாவை, அதாவது பயிரின் வேரில் ஒட்டி உறிஞ்சும் ஒட்டுண்ணிக் களையை (நம் பக்கத்துச் சுடுமல்லியின் இனம்), எதிர்க்கும் சோள ரகங்கள். வயலில் செய்து பார்க்கிற அளவுக்கு விவரமாக எழுதுங்கள். மக்காச்சோளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே பேசுவது வெள்ளைச் சோளம், சிவப்புச் சோளம் என்று நாம் சொல்லும் அந்தச் சோளத்தைத்தான்.

விதைநேர்த்தி

முதலில் ஹஜீன் துரா-1.

அலெமாயா கல்லூரியில் 1973-இல் பட்டம் முடித்த எஜெட்டா, ஜான் ஆக்ஸ்டெல் என்ற சோள ஆய்வாளரிடம் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் போனார். முடித்ததும் 1979-இல் இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிறுவனத்தின் சார்பில் சூடானில் வேலை. அங்கே நான்கே ஆண்டில், 1983-இல், ஹஜீன் துரா-1 வெளியானது. ஆப்பிரிக்காவில் வணிக முறையில் வந்த முதல் வீரிய ஒட்டுச் சோளம் அதுதான். வறட்சியைத் தாங்கியது; உள்ளூர் ரகங்களைவிட 150 சதவீதம் வரை கூடுதலாக விளைந்தது. 1999 வாக்கில் பத்து லட்சம் ஏக்கர் அளவுக்கு அறுவடை நடந்தது.

ரகத்தை உருவாக்குவதோடு வேலை முடிவதில்லை, விதை உற்பத்திதான் கடினம். வீரிய ஒட்டுக்கு மூன்று வரிசைகள் வேண்டும். ஆண்மலட்டு வரிசை, அதைப் பெருக்குவதற்கான பராமரிப்பு வரிசை, மகரந்த வளத்தைத் திருப்பித் தரும் மீட்பு வரிசை. ஹஜீன் துராவின் தாய், டெக்சாஸில் உருவான டிஎக்ஸ்623 என்ற ஆண்மலட்டு வரிசை.

விதை வயலில் பெண் 4 வரிசைக்கு ஆண் 2 வரிசை, சுற்றிலும் ஓரத்தில் ஆண் வரிசை. வேறு சோளக் காட்டிலிருந்து 200 மீட்டர், ஜான்சன் புல் இருந்தால் 400 மீட்டர் விலகல். தவறு நடப்பது பெரும்பாலும் இந்த மூன்றில்தான்:

ஆணும் பெண்ணும் ஒரே நேரத்தில் பூக்காமல் போவது. எது பிந்துமோ அதை முன்கூட்டி விதைக்க வேண்டும். விதைத்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது என்றால், பிந்துகிற வரிசைக்கு 1 சதவீத யூரியாக் கரைசல் தெளிப்பு, முந்துகிற வரிசைக்கு ஒரு தண்ணீரை நிறுத்துவது. இதில் சில நாட்களைத்தான் ஈடுகட்ட முடியும்.

பெண் வரிசையில் மகரந்தம் கொட்டும் செடிகள். விதையில் கலப்பு இருந்தாலும் வரும், வெயில் மிகக் கடுமையாகி ஆண்மலட்டுத்தன்மை தளர்ந்தாலும் வரும். பூக்கும் நாட்களில் தினமும் காலையில் நடந்து, மகரந்தம் உதிரும் முன்பே பிடுங்க வேண்டும். ஒரு நாள் விட்டாலும் சுற்றியுள்ள கதிர்கள் கெட்டுவிடும்.

அறுவடையில் கலப்பு. ஆண் வரிசையை முதலில் அறுத்துக் களத்தைவிட்டு அகற்றிய பிறகுதான் பெண் வரிசையில் அரிவாள் வைக்க வேண்டும்.

கரிசல்

விதைநேர்த்தி அண்ணே, சரியாச் சொன்னீங்க. ஆனா ஏழைக் குடியானவன்னு பார்த்தா, இதுல ஒரு சிக்கல் இருக்கு. வீரிய ஒட்டு விதையை வருசா வருசம் வாங்கணும். எடுத்து வச்ச விதையைப் போட்டா அடுத்த தலைமுறையில கதிர் ஒண்ணுக்கொண்ணு ஒட்டாது, உயரம் மாறும், பூக்கிற நாள் மாறும். ஹஜீன் துரா சூடானோட கெசிரா மாதிரி வாய்க்கால் பாசனம் இருக்கிற இடத்துல வேரூன்றியதுக்குக் காரணமே, அங்க விதையும் உரமும் கொண்டுவந்து சேர்க்க ஆளும் அமைப்பும் இருந்ததுதான்.

மானாவாரிக் காட்டுல, உரமில்லாத மெலிஞ்ச மண்ணுல இருக்கிறவனுக்கு முதல் எதிரி ஸ்ட்ரைகா. அங்க எஜெட்டா கொடுத்தது வீரிய ஒட்டு இல்ல, தூய வரிசை ரகங்கள். சோளம் பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர். காட்டு நடுவுல இருக்கிற நல்ல கதிரா எடுத்து வச்சா, குடியானவனே பல வருசம் விதை காப்பாத்தலாம். இந்தத் தேர்வுதான் அவர் வேலையில எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. 1994-ல எட்டு டன் விதை, எத்தியோப்பியா, எரித்திரியா, சூடான், சோமாலியா, கென்யா, மாலி, நைஜர், மொசாம்பிக்னு பன்னிரண்டு நாடுகளுக்குப் போச்சு. வீரிய ஒட்டா இருந்திருந்தா அந்த எட்டு டன் ஒரே பருவத்தோட முடிஞ்சிருக்கும்.

வேர்முடிச்சு

ஸ்ட்ரைகா எப்படி வாழ்கிறது என்று படிப்படியாகப் பார்த்தால்தான் எஜெட்டாவின் அணுகுமுறை புரியும்.

விதை சுமார் 0.3 மில்லிமீட்டர் நீளம், தூசி மாதிரி. ஒரு செடி பல்லாயிரக்கணக்கில் விதை போடும். மண்ணில் பத்து ஆண்டுக்கு மேல் உயிரோடு கிடக்கும். புதிதாக உதிர்ந்த விதை உடனே முளைக்காது, சில மாதம் முதிர வேண்டும். பிறகு ஈரமும் 25 முதல் 35 டிகிரி வெப்பமும் ஓரிரு வாரம் தொடர்ந்து கிடைத்துப் பதப்பட வேண்டும். அப்போதும் முளைக்காது. பக்கத்தில் ஓர் ஒட்டுப்பயிரின் (ஒட்டுண்ணி ஒட்டி வாழும் பயிரின்) வேர் இருக்கிறது என்ற வேதிச் சைகை வந்தால்தான் முளை நீளும். அந்தச் சைகைதான் ஸ்ட்ரைகோலாக்டோன் வகைச் சேர்மங்கள்.

முளைத்த ஸ்ட்ரைகாவிடம் இருப்பு உணவு மிகக் குறைவு. நாலைந்து நாளுக்குள் சில மில்லிமீட்டர் தூரத்துக்குள் வேரைத் தொடாவிட்டால் செத்துவிடும். வேரை நெருங்கியதும் இரண்டாவது சைகை. வேர்ச் சுவரிலிருந்து வரும் குயினோன் வகைச் சேர்மம், முளையின் நுனியை உறிஞ்சு உறுப்பாக மாற்றுகிறது. அது வேர்ப்பட்டையைத் துளைத்து, உள்ளே நீர்க்குழாயோடு தன் குழாயை இணைத்துக்கொள்கிறது. அதன் பின் நான்கு முதல் ஏழு வாரம் மண்ணுக்குள்ளேயே வளரும். பச்சையம் கிடையாது, முழுக்கச் சோளத்தின் சாப்பாடு.

சோளத்துக்குச் சேதத்தின் பெரும்பகுதி இந்த வாரங்களிலேயே நடந்து முடிகிறது. மண்ணில் ஈரம் இருக்கும்போதே இலை வாடும், கருகும், பயிர் குட்டையாகி நிற்கும். வறட்சி என்று நினைத்துக் குடியானவர் மழையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஊதாப் பூ வெளியே தெரியும்போது மகசூல் போயிருக்கும்.

முளைப்பதற்கு முன், முளைத்த பின், தொடும்போது, துளைக்கும்போது, குழாயை இணைக்கும்போது என்று ஒவ்வொரு படியிலும் பயிரால் அதைத் தடுக்க முடியும். பர்டியூவில் எஜெட்டாவும் உயிர்வேதியியலாளர் லாரி பட்லரும் செய்தது, "எதிர்ப்புத்திறன்" என்ற மொத்தமான ஒன்றை இந்தப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் தனிச் சோதனை உருவாக்கியது.

புன்செய்

அப்படியென்றால் அவர்கள் முதலில் பிடித்தது எந்தப் படி? ஆயிரக்கணக்கான சோள வரிசைகளில் எது தடுக்கிறது என்று எப்படிச் சலித்தார்கள்? காட்டில் போட்டுப் பார்த்தாலே போதாதா?

பயிர்மரபு

முதலில் பிடித்தது முளைப்புச் சைகைப் படி. சைகையைக் குறைவாகத் தரும் சோளம் என்றால் ஸ்ட்ரைகா விதை எழுந்திருக்காது. இதைச் சலிக்க 1992-இல் வெளிவந்ததுதான் அகார் கூழ்ச் சோதனை. செலவு குறைவு, இடமும் குறைவு, மூன்றே நாளில் விடை. செய்முறை ஏறத்தாழ இப்படி:

ஸ்ட்ரைகா விதையை நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட்டில் சில நிமிடம் அலசி, நல்ல தண்ணீரில் பலமுறை கழுவ வேண்டும். மிதப்பதை ஊற்றிவிட வேண்டும், பதரும் குப்பையும் அதில்தான் போகும். பூஞ்சணம் வராமல் இருக்க பெனோமில் மிகச் சிறிய அளவில் கலந்த தண்ணீரில் போட்டு, இருட்டில் 28 டிகிரியில் இரண்டு வாரம் பதப்படுத்த வேண்டும். 0.7 சதவீத அகாரைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, பதப்பட்ட விதையோடு கலந்து பெட்ரிக் கிண்ணத்தில் ஊற்ற வேண்டும். ஒரு நாள் முளைவிட்ட சோள விதையை, அகார் உறைவதற்குள், வேர் நுனி கிண்ணத்தின் நடுவை நோக்கும்படி ஓரத்தில் அமுக்க வேண்டும். மறுபடி இருட்டு, 28 டிகிரி, 72 மணி நேரம்.

பிறகு கிண்ணத்தைக் கவிழ்த்து, அடிப்பக்கம் வழியாக நுண்ணோக்கியில் பார்த்து, வேரிலிருந்து எவ்வளவு தூரத்தில் கடைசி விதை முளைத்திருக்கிறது என்று அளக்க வேண்டும். 1 சென்டிமீட்டருக்குள் நின்றுவிட்டால் அந்தச் சோளம் குறைந்த தூண்டல் வகை. கிண்ணம் முழுக்க முளைத்திருந்தால் அதிகத் தூண்டல் வகை.

எங்கே தப்பாகும்: அகார் சூடாக இருந்தால் விதை செத்துப்போய், எல்லாச் சோளமும் எதிர்ப்பு வகை மாதிரி தெரியும். பதப்படுத்தல் குறைந்தாலும் அப்படித்தான். பதப்படுத்தல் நீண்டுவிட்டால் விதை மறுபடி உறக்கத்துக்குப் போகும். வேர் அகாருக்குள் போகாமல் மேலே படர்ந்தால் சைகை பரவாது. அதனால் ஒவ்வொரு தொகுதியிலும் நன்றாகத் தூண்டும் ஒரு சோளமும், குறைவாகத் தூண்டும் எஸ்ஆர்என்39 மாதிரியான ஒன்றும் ஒப்பீட்டுக்கு இருந்தே ஆக வேண்டும். ஒப்பீடு இல்லாத கிண்ணத்தின் முடிவைக் குப்பையில் போடுவதே நேர்மை.

இந்தச் சோதனை வந்த பிறகு மரபியல் தெளிவானது. எஸ்ஆர்என்39-ஐ அதிகத் தூண்டல் சோளத்தோடு ஒட்டுச் சேர்த்தால் முதல் தலைமுறை முழுவதும் அதிகத் தூண்டல், அடுத்ததில் மூன்று அதிகத் தூண்டலுக்கு ஒன்று குறைந்த தூண்டல். அதாவது ஒற்றை ஒடுங்கு மரபணு. 1996-இல் இது வெளிவந்தது. ஒடுங்கு மரபணு என்பதால் ஒவ்வொரு பின்கலப்புக்கும் (ஒட்டில் வந்த செடியை மறுபடி பெற்றோர் ரகத்தோடு சேர்ப்பது) பிறகு ஒரு முறை தன் மகரந்தச் சேர்க்கை செய்து பார்த்துத்தான் யார் சுமக்கிறார்கள் என்று தெரியும். ஒரு சுற்றுக்கு இரண்டு பருவம் போகும். 2017-இல் எஜெட்டாவின் குழு அந்த மரபணுவையே அடையாளம் கண்டது. சல்போட்ரான்ஸ்ஃபெரேஸ் என்ற நொதிக்கான மரபணு அது. அது பழுதானால் வேரிலிருந்து வரும் சேர்மம் 5-டியாக்சிஸ்ட்ரைகாலில் இருந்து ஒரோபன்காலாக மாறிவிடுகிறது. சைகை நிற்பதில்லை, வேறு வடிவத்தில் போகிறது. ஸ்ட்ரைகா அதற்குச் சரியாக எழுவதில்லை. இப்போது நாற்றின் இலைத் துண்டிலேயே மரபணுக் குறியீட்டை வைத்துப் பார்த்துவிடலாம்.

கரிசல்

புன்செய் கேட்ட கேள்விக்கு, காட்டுல மட்டும் போட்டுப் பார்த்தா ஏன் ஏமாறுவோம்னு சொல்றேன்.

மண்ணுல ஸ்ட்ரைகா விதை சீரா இருக்காது. ஒரு மூலையில அடர்த்தி, நாலு அடி தள்ளி ஒண்ணுமே இருக்காது. காலியான இடத்துல விழுந்த ரகம் எதிர்ப்பு ரகமாத் தெரியும். அதனாலதான் சதுரங்கக் கட்டம் மாதிரி, ஒவ்வொரு சோதனைப் பாத்திக்கும் பக்கத்துல தாக்குதலுக்கு ஆளாகிற ரகத்தை வச்சு, அதோட ஒப்பிடணும்.

இன்னொரு பெரிய பொறி. ரொம்ப மோசமாத் தாக்கப்பட்ட செடி குச்சியா நின்னு, அதுல ஸ்ட்ரைகாவே நாலுதான் மேல வரும், ஏன்னா சாப்பாடு போட ஆள் இல்ல. எண்ணிக்கையை மட்டும் பார்த்தா அதுதான் சிறந்த ரகம்னு குறிப்பேட்டுல ஏறிடும். எண்ணிக்கையோட தானிய எடை, பயிர் உயரம், இலைக் கருகல் எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கணும். அதிக ஸ்ட்ரைகா வந்தும் நல்லா விளையற ரகம் தாங்கும் ரகம். அது அந்த வருசம் வயித்தை நிரப்பும், ஆனா மண்ணுல விதை இருப்பைக் கூட்டிட்டே போகும். எதிர்ப்பு வேற, தாங்குதல் வேற.

பயிர்மரபு

கரிசல் சொன்னதோடு ஒன்று. குறைந்த தூண்டல் ஒரே ஒரு பூட்டுதான். ஆப்பிரிக்கச் சோளக் காட்டில் வரும் இனமான ஸ்ட்ரைகா ஹெர்மோந்திகா பிற மகரந்தச் சேர்க்கையால் மட்டும் விதை போடுவது, அதனால் ஒரே காட்டில்கூட மரபு வேறுபாடு மிக அதிகம். லட்சக்கணக்கான விதைகளில் ஒரோபன்காலுக்கும் எழுந்திருக்கும் சில இருக்கத்தான் செய்யும். ஒரே மரபணுவை நம்பி ஆண்டுதோறும் விதைத்தால், அந்தச் சிலவற்றை நாமே பொறுக்கிப் பெருக்குகிறோம்.

அதனால்தான் உறிஞ்சு உறுப்பு உருவாகாமல் தடுக்கும் காட்டுச் சோளங்கள், தொட்ட இடத்தில் வேர்த் திசுவைச் சாகவிட்டு ஒட்டுண்ணியைப் பட்டினி போடும் வகைகள், உள்ளே நுழைந்த பிறகும் வளரவிடாத வகைகள் என்று அடுத்தடுத்த படிகளையும் அந்தக் குழு தேடியது. முளைத்த ஸ்ட்ரைகாவை வேரோடு சேர்த்து, முளைப்புத் தாள்களுக்கு நடுவே சுருட்டி, ஊட்டக் கரைசலில் நிறுத்தி இரண்டு மூன்று வாரம் கழித்துப் பிரித்துப் பார்க்கும் தாள்சுருள் சோதனை இதற்கானது. இரண்டு மூன்று பூட்டுகளை ஒரே ரகத்தில் சேர்ப்பதுதான் நீண்ட நாள் நிற்கும்.

வேர்முடிச்சு

"சைகையே இல்லாத சோளத்தை உருவாக்கிவிடலாமே" என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். பயிர் அந்தச் சேர்மத்தை ஸ்ட்ரைகாவுக்காக வெளியிடவில்லை. மண்ணில் மணிச்சத்து குறைந்தால், வேர்ப்பூசணத்தை அழைக்கத்தான் வெளியிடுகிறது. 2005-இல் இது நிறுவப்பட்டது. பூசண இழை மணிச்சத்தைத் தேடிக் கொண்டுவந்து தரும். 2008-இல், இதே சேர்மம் செடிக்குள் பக்கக் கிளை வெடிப்பைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் என்றும் தெரிந்தது. முற்றாக நிறுத்தினால் கிளைப்பு கெடும், பூசணத் தொடர்பும் குறையும். எஸ்ஆர்என்39-இல் நடப்பது வடிவ மாற்றம் மட்டும் என்பதால்தான் அது பயிராகவும் பிழைக்கிறது.

மெலிந்த மண்ணில் ஸ்ட்ரைகா ஏன் கொழுக்கிறது என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. மணிச்சத்தும் தழைச்சத்தும் குறைந்தால் சோள வேர் ஸ்ட்ரைகோலாக்டோனைக் கூடுதலாகக் கசியவிடும், கூடுதலாகக் கசிந்தால் கூடுதல் விதை முளைக்கும். உரம் வாங்க முடியாதவர் காட்டில்தான் ஒட்டுண்ணி ஏறுகிறது, மகசூல் இறங்குகிறது, அடுத்த பருவத்துக்கு உரம் வாங்க இன்னும் வழியில்லாமல் போகிறது. இந்த வளையத்தை ரகம் மட்டும் உடைக்காது, உரம் மட்டும் வைத்தாலும் உடையாது.

மானாவாரி

வேர்முடிச்சு சொன்ன அந்த வளையத்தை எத்தியோப்பியாவில் 2002-க்குப் பிறகு எஜெட்டாவின் குழு மூன்று பொருளை ஒரே கட்டாகக் கொடுத்து உடைக்கப் பார்த்தது. எதிர்ப்பு ரகம், உரம், ஈரம் காக்கும் நில அமைப்பு. அங்கே வெளியான ரகங்கள் கோபியே, அப்ஷிர்.

நில அமைப்பு நம் ஊர் பார்-சால் போலத்தான். 75 சென்டிமீட்டர் இடைவெளியில் பார் கட்டி, சாலுக்குக் குறுக்கே சில மீட்டருக்கு ஒன்றாக மண்கட்டு போடுவது. மழைத் தண்ணீர் சாலில் ஓடாமல் அந்தந்த அறையில் தங்கி இறங்கும். வறண்ட பகுதியில் விதையைச் சாலுக்குள்ளேயே போடுவார்கள். குறுக்குக்கட்டு பாரைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்க வேண்டும். சம உயரமாகக் கட்டினால் பெருமழையில் பார் உடைந்து மண் அரித்துப் போகும். கனமான கரிசலில் மழை தொடர்ந்தால் அறையில் தண்ணீர் நின்று இளம்பயிர் மஞ்சளாகும், அப்போது கட்டை வெட்டித் திறந்துவிட வேண்டும். சரிவுக்குக் குறுக்கே பார் ஓடவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உரம், அங்கே அப்போது சோளத்துக்கு வழக்கமாக இருந்த பரிந்துரை எக்டருக்கு டிஏபி 100 கிலோ, யூரியா 50 கிலோ. கணக்குப் போட்டால் தழைச்சத்து 41, மணிச்சத்து 46 கிலோ. டிஏபி விதைப்பில், யூரியா முழங்கால் உயரத்தில், மண் ஈரமாக இருக்கும்போது. காய்ந்த மண்ணில் தூவினால் காசு காற்றில் போகும். ஈரம் காக்கும் அமைப்பு உரத்துக்கும் துணை, ஏனென்றால் மழை தப்பிவிடுமோ என்ற பயத்தில்தான் மானாவாரிக் குடியானவர் உரத்தில் பணம் போடத் தயங்குகிறார்.

இடறிய இடங்கள் இரண்டையும் சொல்ல வேண்டும். கோபியேயும் அப்ஷிரும் குட்டையானவை. எத்தியோப்பியக் குடும்பத்துக்குச் சோளத்தட்டை மாட்டுத் தீவனம், அடுப்பு விறகு, வேலி, கூரை எல்லாமே. ஆறடிக்கு மேல் வளரும் உள்ளூர் ரகத்தை விட்டுவரச் சொன்னால் தானியம் கூடினாலும் தட்டை குறைகிறது. இரண்டாவது, சீக்கிரம் முற்றும் ரகம் காட்டில் முதலில் பால் பிடிக்கும், குவேலியா குருவிக் கூட்டம் முதலில் அங்கேதான் இறங்கும். தனியாக ஒருவர் மட்டும் விதைத்தால் காவலுக்கு ஆளும் சேர்த்துப் போட வேண்டும். ஊரே ஒரு வாரத்துக்குள் விதைத்தால் குருவிச் சேதம் பங்கிட்டுப் போகும். எதிர்ப்பு மரபணுவை உயரமான உள்ளூர் ரகங்களுக்கே பின்கலப்பில் கொண்டுபோக வேண்டும் என்று வளர்ப்பாளர்கள் முனைவது இதனால்தான். ஆய்வகத்தில் சரியான விடை கிடைத்தாலும், தட்டை எவ்வளவு, அவர்களின் அன்றாட அப்பமான இஞ்சேராவுக்கு மாவு எப்படி என்று வீட்டுப் பெண்களிடம் கேட்காமல் வெளியிட்ட ரகம் நிற்காது.

புன்செய்

நன்றி மானாவாரி. நம் சுடுமல்லி, ஸ்ட்ரைகா ஏசியாட்டிகா, சோளத்தோடு கரும்பிலும் வருகிறதே. அதற்கு இதில் எது பொருந்தும்?

கரும்புத்தோட்டம்

கரும்புல நம்ம ஊர்ப் பரிந்துரை, முளைச்சு வந்த சுடுமல்லிக்கு 2,4-டி சோடியம் உப்பு எக்டருக்கு 1.75 கிலோ, 650 லிட்டர் தண்ணியில. இல்லாட்டி 20 சதவீத யூரியாக் கரைசலைச் சுடுமல்லி மேல மட்டும் படுற மாதிரி நேரடியா. பக்கத்துல பருத்தியோ வெண்டையோ இருந்தா 2,4-டி தெளிக்கவே கூடாது. காத்துல வர்ற மருந்துத் துளி பட்டாலே பருத்தி இலை சுருங்கி விரல் மாதிரி ஆயிடும். தெளிச்ச கைத்தெளிப்பானை வேற பயிருக்கு எடுக்கக்கூடாது, எவ்வளவு கழுவினாலும்.

பயிர்மரபு

இது சரியான அளவுதான். ஆனால் வேர்முடிச்சு சொன்ன படிகளோடு வைத்துப் பாருங்கள். மேலே வந்த பிறகு கொல்வது இந்தப் பயிரைக் காப்பாற்றாது, அடுத்த ஆண்டுக்கான விதை உதிர்வதைத்தான் தடுக்கும். அந்த நோக்கத்தோடு செய்தால் பயன் உண்டு. அதனால் பூப்பதற்கு முன் செய்ய வேண்டும், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை திரும்பவும் செய்ய வேண்டும், ஏனென்றால் அது ஒரே நாளில் முளைத்து வருவதில்லை.

பயிர்ச் சுழற்சியில் பருத்திக்குத் தனி இடம் உண்டு. ஸ்ட்ரைகாவை முளைக்கவைக்கும் ஸ்ட்ரைகால் என்ற சேர்மத்தை முதன்முதலில் 1966-இல் பிரித்தெடுத்ததே பருத்தி வேர்க் கசிவிலிருந்துதான். பருத்தி சைகை தரும், ஆனால் ஸ்ட்ரைகா அதில் ஒட்ட முடியாது. முளைத்து, பிடிக்க வேர் கிடைக்காமல் சாகும். இதைத் தற்கொலை முளைப்பு என்பார்கள். ஒரு பருவத்தில் விதை இருப்பு தீராது, தொடர்ந்து சில ஆண்டு செய்தால்தான் குறையும்.

இதையே வேதிப்பொருளால் செய்தது அமெரிக்கா. 1956-இல் வட, தென் கரோலினாவில் ஸ்ட்ரைகா ஏசியாட்டிகா கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, மண்ணுக்குள் எத்திலீன் வாயுவைச் செலுத்தி விதைகளை முளைக்கவைத்துச் சாகடித்தார்கள். கூடவே தனிமைப்படுத்தல் சட்டம், களைக்கொல்லி, பல பத்தாண்டு கண்காணிப்பு. அழுத்த உருளையும் டிராக்டரும் அரசுப் பணமும் இருக்கும் நாட்டில் அது நடந்தது. அதே சிக்கலுக்கு விதைக்குள்ளேயே தீர்வை வைத்துக் கொடுத்தவர் எஜெட்டா. ஏழைக் காட்டுக்கு எது போய்ச் சேரும் என்று பார்த்தால் இரண்டுக்கும் உள்ள தூரம் தெரியும்.

மானாவாரி

விதையிலேயே தீர்வு என்று பேசும்போது கென்யாவில் வந்த இன்னொரு முறையையும் சேர்க்கலாம். மக்காச்சோளத்தில் இமசாபைர் களைக்கொல்லியைத் தாங்கும் ரகம், விதையின் மேல் எக்டருக்கு 30 கிராம் அளவில் அந்த மருந்துப் பூச்சு. ஒட்ட வரும் ஸ்ட்ரைகா வேரடியிலேயே சாகும். இதில் தவறுவது கையால்தான். பூச்சு விதையைத் தொட்ட கையாலேயே அவரையையோ தட்டைப்பயறையோ எடுத்து ஊன்றினால் அதன் முளை செத்துவிடும். ஊடுபயிர் போடும் காட்டில் முதலில் பயறு, பிறகு கை கழுவி மக்காச்சோளம் அல்லது இரண்டுக்கும் தனித்தனி ஆள்.

விக்டோரியா ஏரிப் பகுதியில் பூச்சியியலாளர் ஜெயாவுர் கான் உருவாக்கிய, டெஸ்மோடியம் என்ற பயறு வகைத் தீவனச் செடியை ஊடுபயிராகப் போடும் முறையும் ஸ்ட்ரைகாவுக்கு நன்றாக வேலை செய்கிறது. அதன் வேர்க்கசிவில் ஒரு சேர்மம் முளைக்கச் செய்யும், இன்னொன்று முளையின் நீட்சியை நிறுத்தும். நிலைப்பயிர் என்பதால் ஒரு முறை நிலைகொண்டால் பல ஆண்டு நிற்கும், தீவனமும் ஆகும். தொந்தரவு தொடக்கத்தில்தான். விதை மிகச் சிறியது, ஆழமாகப் போட்டால் வராது. முதல் ஆறு வாரம் களையோடு களையாகப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். மேய்ச்சலுக்கு மாடு அவிழ்த்துவிடும் ஊரில் வேலி இல்லாமல் பிழைக்காது.

விதைநேர்த்தி

விதைச் சுத்தம் பற்றி யாரும் சொல்லவில்லை, எதிர்ப்பு ரகம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இன்றைக்கே செய்யக்கூடியது அது.

ஸ்ட்ரைகா இருக்கும் காட்டில் அறுத்த கதிரைத் தரையில் போட்டால் தூசி விதை கதிரில் ஒட்டும், களத்துக்குப் போகும், விதைப்பானைக்குப் போகும், பக்கத்து ஊருக்குக் கைமாற்றாகவும் போகும். புதுக் காட்டுக்கு அது பரவுவதில் சொந்த விதைக்கும் சந்தை விதைக்கும் பெரிய பங்கு உண்டு. விதைக்கான கதிரை நிற்கும் பயிரிலேயே கொய்து, நேராகச் சாக்கில் போட வேண்டும். அடிக்கும் இடத்தில் தார்ப்பாய் வேண்டும். ஸ்ட்ரைகா தெரிந்த பகுதியிலிருந்து விதைக்கு எடுக்கவே கூடாது.

மாடு பூத்த ஸ்ட்ரைகாவைத் தின்றால் விதை சாணத்தோடு உயிரோடு வெளியே வரும். அந்தத் தட்டையை மேய்ச்சலுக்கு விடும்போது எந்தக் காட்டுக்கு எரு போகிறது என்று யோசிக்க வேண்டும்.

பூத்த பிறகு பிடுங்கியதை வரப்பில் போட்டுவிட்டுப் போகக்கூடாது. பிடுங்கிய செடியிலேயே காய் முற்றி வெடிக்கும். சாக்கில் கட்டி எடுத்துப்போய் எரிக்க வேண்டும். அந்தச் சாக்கை உதறி வேறு வேலைக்கு எடுக்காமல் அதையும் சேர்த்தே நெருப்பில் போடுங்கள்.

புன்செய்

பயிர்மரபு, ஒன்றே ஒன்று. அகார் சோதனையை வேளாண் கல்லூரி ஆய்வகத்தில் செய்ய ஸ்ட்ரைகா விதை சேகரிக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

பயிர்மரபு

ஒரே செடியிலிருந்து எடுக்காமல் காட்டின் பல இடங்களிலிருந்து, காய் பழுப்பாகி வெடிக்கத் தொடங்கும்போது எடுங்கள். காகித உறையில் நிழலில் காயவைத்து, நுண்ணிய சல்லடையில் சலித்துக் காய்த்தோலை நீக்குங்கள். சில மாதம் உலர்ந்த இடத்தில் முதிரவிட்ட பிறகே சோதனைக்கு எடுங்கள். சோளத்தில் வந்த விதையையும் கரும்பில் வந்த விதையையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள், ஒரே இனமானாலும் ஒட்டுப்பயிருக்கு ஏற்பத் தூண்டலுக்கு எழும் விதம் மாறும். சோதனை முடிந்த கிண்ணங்களைக் கழுவுதொட்டியில் கொட்டாமல் அழுத்தக் கொதிகலனில் வைத்துக் கொன்ற பிறகே வெளியே எறியுங்கள்.